ஞாயிற்றுக்கிழமைகளில் வராத பிழை

என் பெயர் இந்த உலகத்தில் ஓரிடத்தில்தான் மரியாதையாக எழுதப்பட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு கணினி இயங்குதளம் உண்டு. அதன் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் இடத்தில், பழைய வைஃபை அட்டை ஒன்றின் பெயருக்குக் கீழே நான் இருக்கிறேன். அந்த அட்டையைச் செய்த கொம்பனி அதைக் கைகழுவி வெகுகாலமாகிறது. அதைப் பூட்டிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றின் தலைவிதி இலங்கையில், மன்னார்க் கரைப் பேசாலையில், எங்கள் வீட்டு விறாந்தையில், என் கையில் இருக்கிறது.

வைஃபை அட்டை தானாக ஒன்றும் செய்யத் தெரியாத சாமான். இயங்குதளம் சொல்வதை அதற்கும், அது சொல்வதை இயங்குதளத்துக்கும் எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறோம். ஊரில் இரண்டு வீட்டுக்கு நடுவில் நின்று கதை காவுகிறவர்களுக்கு என்ன மரியாதையோ, அதேதான் அதற்கும். ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பிசகினால் நாலு நாட்டிலிருந்து ஏச்சு வரும்.

இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள் நான். என் சொந்த மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்துபோவது பொறுக்காமல், தேடிப் படித்து, சின்னத் திருத்தம் ஒன்றை எழுதி அனுப்பினேன். பிறகு இன்னொன்று. எனக்கு முன்னர் பொறுப்பாக இருந்தவர் ஏதோ குளிர்நாட்டு மனிதர். தனக்கு இனித் தேனீ வளர்ப்பதில்தான் நாட்டம் என்று ஒரு நாள் எழுதிவிட்டு விலகிவிட்டார். கடைசியாக அந்த நிரலைத் தொட்டது யார் என்று பார்த்திருக்கிறார்கள், நான்தான். கோவில் திருநாள் முடிந்து எல்லோரும் போனபின், கதிரை அடுக்கிக்கொண்டு நிற்பவளின் தலையில் அடுத்த வருடப் பொறுப்பைக் கட்டுவது எங்கள் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஊரில் என் பதவியை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்கள். இஸ்திரிப்பெட்டி வந்தது. டிவி ரிமோட் வந்தது. பூசைக்கு நடுவில் கரகரக்கிற ஒலிபெருக்கியைப் பார்க்கச் சொல்லி எங்கள் கத்தோலிக்கக் கோவில் சுவாமி ஆளனுப்பினார். விடத்தல்தீவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் அரிசிச் சாக்கொன்றுக்குள் பிறிண்டர் கட்டிக்கொண்டு வந்தார். இதெல்லாம் என் வேலை இல்லை, நான் செய்வது வேறு, அதற்குச் சம்பளமும் கிடையாது என்று விளக்கினால், "வெள்ளைக்காரனுக்குச் சும்மா செய்யிறீங்கள், எங்களுக்குச் செய்ய ஏலாதோ?" என்று கேட்பார்கள். பிறிண்டரையும் திருத்திக் கொடுத்தேன்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். பக்கத்து வளவில் என் மச்சாள் இருக்கிறார். என் கணவரின் அக்கா. அவருடைய கணவர் கடலோடு போனபோது மகள் சின்னப் பிள்ளை. அதன் பிறகு அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தது தாய்மாமன், அதாவது என் கணவர். கோவிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு அவளுக்கு அளவான வெள்ளைச் சப்பாத்துத் தேடி மன்னார்க் கடைகள் எல்லாவற்றையும் ஏறி இறங்கியவர் அவர். சொந்தக் கலியாணத்துக்குக் கூட அவர் சப்பாத்துத் தேடவில்லை, யாரிடமோ இரவல் வாங்கினார்.

அந்தப் பிள்ளை படிப்பதற்குப் பிரான்சுக்குப் போனாள், வேலை எடுத்தாள், அங்கேயே ஒரு பெடியனை எழுத்தும் செய்துவிட்டாள். கோவிலில் அல்ல, கலியாணம் பதிகிற கந்தோரில். பெடியன் சைவக்காரன், வயல்காரக் குடும்பம், சொந்த ஊர் மன்னாருக்குக் கிட்ட உயிலங்குளம். மாமாவுக்கு விசயம் தெரிந்தது யாரோ போனில் காட்டிய படத்தில்தான். அவருக்குச் சமயம் ஒரு சாட்டு, ஊர் இன்னொரு சாட்டு. உண்மையில் நொந்தது, தன்னை ஒரு சொல் கேட்கவில்லையே என்பது. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் ஒரு நாள், மச்சாள் எங்கள் வீட்டு மண்டபத்தில் இருந்து மகளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துச் சொல்வதுபோல உரத்துச் சொன்னார்:

"உயிலங்குளத்திலை கட்டுறதெண்டால் பஸ்ஸிலை போயிருக்கலாம். பிளேன் ஏறியிருக்கத் தேவையில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் அவள் அங்கே கேட்டுவிட்டாள். அழைப்பை அப்படியே வெட்டினாள். அதற்குப் பிறகு மாமனும் மருமகளும் ஒரு சொல் பேசியதில்லை.

தாயும் மகளும் மட்டும் கதைத்தார்கள். அவளுக்கு அங்கே பின்நேர வேலை. அவள் வேலைக்கு வெளிக்கிட முதல் கொஞ்ச நேரம் கிடைக்கும். எங்களுக்கு அது மத்தியானம் கழிந்த பொழுது, நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவேன். மச்சாளின் கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. மகளின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பார். ஆகவே எங்கள் மண்டபத்து மேசையில் பழைய மடிக்கணினி. அதற்குள் அதே பழைய அட்டை. அதை ஓட்டுவது என் டிரைவர். பக்கத்தில் அலுமாரிக்கு மேல் ரவுட்டர். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒளிக்கத் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், அதே பொழுதில்தான் மீன்பிடிக்கப் போன என் கணவரும் கடலால் வருவார். அவர் வாசல் படலையைத் திறந்து உள்ளே கால் வைக்கவும் திரையில் பிள்ளையின் முகம் அப்படியே உறைந்து, பிறகு மறையும். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. மச்சாள் அவரை ஒரு பார்வை பார்ப்பார்.

"உன்ரை சத்தம் கேட்டாலே வெட்டுறாள்."

"நான் வாயே திறக்கேல்லை அக்கா."

"அப்ப மணத்தைப் பிடிச்சிருப்பாள்."

மீன் மணம் பாரிஸ் வரைக்கும் போகாது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் குசினிப் பக்கத்தால் வரத் தொடங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் கள்ளனைப்போல. அப்போதும் வெட்டியது. வெட்டியபின் மச்சாள் திரும்பி எடுக்க மாட்டார். "வெட்டினவள்தானே எடுக்க வேணும்?" என்பார். அந்தப் பிள்ளையும் எடுக்க மாட்டாள். நாட்கள் போகும். யாராவது ஒருவருக்கு மனம் இளகி மறுபடி கதைக்கத் தொடங்க, மறுபடி படலை திறக்கும்.

அந்தப் பக்கத்துக் கதை எனக்கு ஒரு குரல் செய்தியாக வந்தது. "மாமி, நான் ஆரையும் குறை சொல்லேல்லை. ஆனா மாமா வந்த உடனே அம்மா பயத்திலை லைனை நிப்பாட்டுறா போல. அவர் அப்பிடி வெருட்டினால் நான் இனி எடுக்காமல் விடுறன்." இரண்டு முனைக்கு நடுவில் தொடர்பு ஏன் அறுகிறது என்று கண்டுபிடிப்பதைத் தொழில்போலச் செய்கிறவள் நான். இரண்டு பக்கத்துக் கதையையும் கேட்டுவிட்டு, இரண்டையும் நம்பினேன். மடிக்கணினியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொந்தப் பிள்ளை களவெடுத்திருக்கும் என்று எந்தத் தாய் முதலில் நினைக்கிறாள்? சற்று நேரத்தில் வைஃபை தானாக வந்துவிடும். எல்லாம் நல்லபடி இருப்பதாகத்தான் தெரியும்.

என் கணவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டு, "இண்டைக்கு என்ன கதைச்சவள்?" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்பார். நான் சொல்வேன். சாப்பிட்டு முடிய, "நான் வந்தாப் பிறகு வெட்டினவளோ, வர முதலோ?" என்பார். வந்த பிறகு என்பது அவருக்கும் தெரியும். நான் ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது சொல்லி நழுவுவேன்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடக்கும், ஆட்கள் பூசைக்குப் போய் வந்து, நல்ல உடுப்போடு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கும் லீவு. மண்டபத்தில் தாயும் மகளும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பின் வளவில் பதுங்கியிருந்தார். அப்போது காயப் போட்டிருந்த கருவாட்டில் காகம் ஒன்று வாய் வைத்துவிட்டது. அவர் போட்ட சத்தம் கோவில் மணிக்கூண்டு வரை கேட்டிருக்கும். அந்தக் காகத்தின் பரம்பரையையே இழுத்து ஏசினார். மச்சாள் விறைத்துப்போய்த் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிள்ளை பேச்சை நிறுத்தவில்லை. பனி கொட்டுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு கணம் காது கொடுத்துவிட்டு, வாயோரம் சிரிப்பதுபோல ஏதோ செய்துவிட்டு, பனிக்கே திரும்பிப் போனாள். கடைசியில் முறையாக விடை சொல்லி வைத்தாள்.

"இண்டைக்கு அவளுக்கு மனம் நல்லாயிருக்கு," என்றார் மச்சாள்.

எனக்குத்தான் மனம் நல்லாயில்லை. சில நாள் வந்து சில நாள் வராத பிழையைப் பிடிக்க வேண்டுமென்றால் அது வராத நாளைத்தான் பார்க்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் லைன் வெட்டியதாக ஞாபகம் இல்லை. ஞாயிறு ஓய்வை இவ்வளவு பக்தியாக அனுசரிக்கிற ஒரு பிழையை நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்த நாள் மச்சாளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். திரையின் ஓரத்தில், டிரைவர் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போகிற பதிவைத் திறந்து வைத்தேன். படலைச் சத்தம் கேட்டது. பிள்ளையின் முகம் உறைந்தது. பதிவில் புதிதாக ஒரு வரி விழுந்தது. அட்டை தான் இருக்கும் நாடு மாறிவிட்டது என்று முடிவெடுத்திருந்தது. இப்போது இருக்கும் நாடு இந்தியா.

பேசாலைக் கரையில் இருப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. காற்று விழுந்த நாட்களில் எங்கள் போன்களுக்கு அக்கரையில் இந்தியாவின் போன் கோபுரங்கள் இக்கரைக் கோபுரங்களை விட நன்றாகக் கேட்கும். கடலில் நின்றால் சொல்லவே வேண்டாம். ஆட்கள் எல்லையைத் தாண்டினால் பிடித்து மறியலில் போடுவார்கள். போன் மட்டும் ஒவ்வொரு நாளும் தாண்டும், "இந்தியாவுக்கு நல்வரவு" என்று மெசேஜும் வாங்கிக்கொண்டு வரும். என் கணவர் வள்ளத்தில் கூட வருகிறவர்கள் பாட்டுக் கேட்பதற்காகத் தன் போனின் இணையத்தைப் பங்கிடுகிற ஹொட்ஸ்பொட்டைத் திறந்து வைப்பார், கரைக்கு வந்து அணைக்க மறப்பார். அந்த ஹொட்ஸ்பொட், தான் நிற்பது இந்தியா என்று சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே எங்கள் படலையைத் திறக்கும். எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். என் டிரைவரோ சட்டத்துக்கு மிகவும் பயந்தது. ஒரு பக்கம் ரவுட்டர் இலங்கை என்கிறது, மறுபக்கம் போன் இந்தியா என்கிறது. வம்பு வேண்டாம் என்று இரண்டு நாட்டுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடும். எங்கள் ரவுட்டர் நின்றது அந்த மூடிய பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் போன் கரைக் கோபுரத்தைக் கண்டுபிடித்து மறுபடி இலங்கைப் பிரசையாகிவிடும், லைனும் வந்துவிடும். தடயம் இராது. ஞாயிற்றுக்கிழமை வள்ளம் போகாது, போன் இந்தியாவுக்குப் போகாது, லைன் வெட்டாது.

இதைக் கணவருக்கு விளக்க நான் மேசையில் உப்புப் போத்தலையும் தேங்காய்ச் சிரட்டையையும் வைத்து ஒரு பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அவள் வெட்டேல்லையோ?"

"இல்லை."

"ஒருக்காவும்?"

"முதல் தரம் வெட்டினவள். அது உங்கடை வாய்க்கு. அதுக்குப் பிறகு வெட்டினது என்ரை டிரைவர்."

அவர் எழும்பிப் போனார். பின் வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து, வாசலில் நின்றபடி, "வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். இந்த மனிதர் இவ்வளவு நாளும் எதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது.

ஹொட்ஸ்பொட்டை அணைத்தால் முடிகிற காரியம்தானே என்று கேட்பீர்கள். மச்சாள் நம்பவில்லை. "போனை அணைச்சால் பெட்டையின்ரை மனம் மாறுமோ?" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். கணவரோ அணைக்க மாட்டேன் என்று நின்றார். "நீர் திருத்தும். நான் போனோடைதான் உள்ளுக்கு வருவன். அப்ப லைன் நிக்குதோ பாப்பம்." போனை அணைத்துவிட்டு வந்து லைன் நின்றால் அது அவருக்குச் சாட்சி இல்லை. குற்றம் சாட்டப்பட்ட அதே கோலத்தில் வந்து விடுதலையாக வேண்டும் அவருக்கு.

நான் பிழையை எழுதி, டிரைவர் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். பிழை எப்போது வரும் என்ற இடத்தில் வார நாட்களில், மத்தியானம் கழிந்து என்றும், எப்போது வராது என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்றும் எழுதினேன். பெரிய தலை ஒருவர் மிகப் பணிவாக, தன்னால் இதை நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை, இந்தப் பிழை எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது என்று அறியலாமா என்று கேட்டிருந்தார். கத்தோலிக்கம் என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் யாரும் எழுதவில்லை.

திருத்தம் சின்னது. பக்கத்தில் போகிற வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் நம்பாதே, நீ யாரோடு சேர்ந்திருக்கிறாயோ அவர் சொல்வதை மட்டும் கேள் என்று அட்டைக்குச் சொல்ல வேண்டும். இதைத்தான் புதிதாகக் கலியாணம் செய்கிறவர்களுக்குச் சுவாமியும் சொல்கிறார். ஆனால் திருத்தினால் போதாது, சோதித்துக் காட்ட வேண்டும். சோதனைக்கு இந்தியா வேண்டும்.

ஆகவே என் கணவர் தொழிலால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி கரைக்கு நடந்தார். போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்து நிற்பார். நல்வரவு மெசேஜ் விழுந்ததும் விறுவிறென்று வீட்டுக்கு வருவார். நான் பதிவைப் பார்ப்பேன், நிரலில் ஒரு வரியை மாற்றுவேன், மறுபடி அனுப்புவேன். "என்ன, பொஞ்சாதியோடை சண்டையோ?" என்று கேட்டவர்களுக்கு, "இல்லை, இந்தியா வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்று சொல்லியிருக்கிறார். கரையில் காவல் நின்ற நேவிக்காரர் ஒருவர் சந்தேகப்பட்டு வந்து, என்ன விசயம் மாமா என்ற அர்த்தத்தில், "மொகத மாமே?" என்று விசாரித்தார். இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மருமகள், பிரான்ஸ், வைஃபை என்று மூன்று சொல் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் தன் போனை எடுத்துக் காட்டினாராம். அதிலும் இந்தியாவுக்கு நல்வரவு.

கடைசியில் ஒரு நாள் போனோடு வாசலில் நின்றார், உள்ளே வந்தார், அலுமாரிக்குப் பக்கத்தில் போனார், மடிக்கணினிக்கு மேலேயே போனை வைத்தார். லைன் அறவில்லை. பதிவில் அட்டை இந்தியாவைக் கேட்டது, பேசாமல் விட்டது. திருத்தத்தை விளக்கக் குறிப்போடு அனுப்பினேன். குறிப்பில் கரை, கோபுரம், வள்ளம், படலை எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். மாமாவையும் எழுதியிருந்தேன். திருத்தம் சரி, குறிப்பைச் சுருக்கவும், குடும்ப வரலாறு தேவையில்லை என்று பதில் வந்தது. எங்கள் வீட்டை அவ்வளவு காலம் ஆட்டிய சங்கதியை மூன்று வரியாக வெட்டி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். வெட்டினது மாமாவைத்தான்.

சோதனைகளின்போது மண்டபத்தில் மச்சாள் இல்லை, திரையில் பிள்ளையும் இல்லை. உண்மையான நாள் அதற்கு அடுத்த கிழமை வந்தது. மச்சாள் கதைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை, தன் புருசனுக்கு நண்டு உடைத்துச் சாப்பிடத் தெரியாததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். படலை திறந்தது. என் கணவர் செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு முன்வாசலால்தான் வந்தார், சட்டைப் பையில் போன், போனில் இந்தியா. முகம் உறையவில்லை. பிள்ளையின் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நின்று பார்த்தார். பிறகு மெல்ல நடந்து, மச்சாளின் கதிரைக்குப் பின்னால், கமெரா பிடிக்கிற இடத்தில் வந்து நின்றார். தலையைக் கையால் தடவிச் சரிசெய்தார்.

"என்ன பிள்ளை, சுகமோ?"

அவள் அவரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. வாய் எதையோ சொல்லப் போவதுபோலத் திறந்தது. கை திரைக்குக் கிட்ட வந்தது. படம் போய்விட்டது.

உறைந்து போகவில்லை. ஒரேயடியாகப் போனது. எனக்குப் பதிவைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அட்டை, ரவுட்டர், லைன், எல்லாம் கல்லுப்போல நின்றன. அழைப்பை முடித்தது அந்த முனை. நான் எழுதியதிலேயே மிகத் திறமான திருத்தம் அது. என் மனிதரைக் காட்டிக்கொடுக்கத்தான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார். கணவரும் என்னைத்தான் பார்த்தார். சின்னக் குரலில் கேட்டார்:

"அவள் வெட்டினவளோ?"

"இல்லையப்பா," என்றேன். "லைன்தான். நான் இன்னும் வடிவாத் திருத்தேல்லை."

"இவ்வளவு நாளும் என்ன செய்தனீர் அப்ப?" என்று மச்சாள் பாய்ந்தார். "அந்த மனுசனையும் கரைக்கும் வீட்டுக்கும் ஓட விட்டு!"

"உமக்குச் சரிவராட்டிச் சொல்லும்," என்றார் என் கணவர். அவருக்கு மூச்சு வந்திருந்தது. "மன்னார் டவுணிலை கடை வைச்சிருக்கிற பெடியன் ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கூப்பிடுவம்."

சரி என்றேன். அந்தப் பெடியன் தன் கடைக் கணினிகளில் ஓடவிடுவது நான் பராமரிக்கும் டிரைவரைத்தான் என்று சொல்ல அது நேரமில்லை.

மச்சாள் அதற்குள் மகளை மறுபடி அழைத்துக்கொண்டிருந்தார். வெட்டினவள்தான் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனிதர் வெட்டினால்தானே. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு எடுத்திருக்கிறாள் என்பது வெள்ளை விழாத என் கண்ணுக்குத் தெரிந்தது.

"லைன் போட்டுது பிள்ளை," என்றார் மச்சாள். "உன்ரை மாமி திருத்திப்போட்டன் எண்டு பெருமை அடிச்சவ. ஒண்டும் திருத்தேல்லை."

பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். லைனை வெட்டியது எந்த விரல் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்து, பிழையைத் தேடுவதுபோல, ஒரு குறையும் இல்லாத பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் அம்மா," என்றாள். "இஞ்சையும் அப்பிடித்தான் காட்டினது. லைன்தான்."

என் கணவர் ஒரு கதிரையை இழுத்து மச்சாளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். "நான் கேட்டது உனக்குக் கேட்டுதோ தெரியேல்லை. சுகமோ எண்டு கேட்டனான்."

"கேட்டது மாமா. சுகம்." முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

அவர் கடலால் வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடவில்லை என்றால், போய்ச் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிடுவாள்.

"ஓம் ஓம், வயிறு நிறையச் சாப்பிட்டனான்," என்றார். "நீ சொல்லு."